ஒரே ஒரு டிக்

“சாவுச் சேதி மட்டும் அனுப்பினா போதுமாம்! பாத்தியாம்மா இந்த அக்காவை?”

திலகா மடிக்கணினியை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள். ராக்கம்மா திரையைப் பார்க்கக்கூட இல்லை.

“யாரு, லுக்குட்டு புஷ்பவள்ளியா? அது அப்படித்தான். விடுலா.”

விடுகிற ஆளா திலகா?

லாபு தோட்டத்தை வீடமைப்புத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டதும் லயத்து வரிசை வீட்டுச் சனம் நீலாய், சிரம்பான், கோலா பிலா என்று ஆளுக்கொரு திசையாகச் சிதறிப்போனது. வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. காலை வணக்கப் பூக்களும் அரசியல் சண்டையும் தாங்காமல் பாதிப்பேர் ஓடிவிட்டார்கள். அதனால்தான் தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு வலைத்தளம் போட்டு, அதில் மின்னஞ்சல் பதிவுப் படிவம் ஒன்றை வைக்கத் திலகா கிளம்பினாள். தோட்டத்து ஆள் ஒருத்தர்கூட விட்டுப்போகக் கூடாது என்பது அவள் வைராக்கியம்.

“பேரு, ஈமெயில். அவ்வளவுதான் படிவம்,” என்றாள்.

கோயில் தலைவர் மகேந்திரனுக்கு அது போதவில்லை. “ஐசி கார்டு நம்பர் வேணாமா? அப்பா பேரு? ரத்த வகை?”

“அண்ணே, சேதி அனுப்பத்தான் கேக்கறேன். பொண்ணு பாக்கவா கேக்கறேன்?”

கடைசியில் அவர் ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக நின்றார். யாருக்கு என்ன சேதி வேண்டும் என்று அவரவரே சொல்லட்டும். திருவிழா, கல்யாணம், மற்ற விசேஷம், இறப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம். வேண்டியதில் டிக் போடலாம். திலகா அரைமனதாகச் சேர்த்தாள்.

பெயர்கள் வந்து குவிந்தன. எல்லாரும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருந்தார்கள். புஷ்பவள்ளி மட்டும் ‘இறப்பு’ கட்டத்தில் ஒரே ஒரு டிக்.

படிவத்தில்தான் கோளாறு என்று நினைத்தாள் திலகா. தன் பெயரில் பதிந்து பார்த்தாள், புருஷன் பெயரில் பதிந்து பார்த்தாள். ஒழுங்காகவே வேலை செய்தது. புஷ்பவள்ளியின் பதிவை அழித்துவிட்டு மறுபடி பதியச் சொல்லி இணைப்பை அனுப்பினாள். மறுபடியும் அதே டிக்.

“வேணும்னேதான் போட்டிருக்காங்கம்மா. பக்கத்து வீட்டிலேயே அவங்க இடுப்புல வளந்தவ நான். என் கல்யாணத்துக்குக்கூட எட்டிப் பாக்கலையே!”

“அதுக்கு எங்க நேரம்? தையல் கடையே கதின்னு கெடக்கும்,” என்று சொல்லிக்கொண்டே ராக்கம்மா அடுப்படிக்கு எழுந்து போனாள்.

நேரிலேயே போய்க் கேட்டுவிடுவது என்று திலகா காடியில் ஏறி லுக்குட்டுக்கு ஓட்டினாள்.

புருஷன் லாரி விபத்தில் போன பிறகு புஷ்பவள்ளி லுக்குட்டில் மோட்டார் பட்டறைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். திலகாவைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது.

“வாடா தங்கம்! மைலோ கலக்கட்டா?”

“மைலோ இருக்கட்டும்க்கா. தப்பா நெனைக்காதீங்க, மனசுல வச்சுக்க எனக்குத் தெரியாது. எங்க சங்காத்தமே வேணாம்னா பதியாமலே இருந்திருக்கலாம். சாவு மட்டும் போதும்னா என்னக்கா அர்த்தம்? எங்க நல்லதுல உங்களுக்குப் பங்கு வேணாமா?”

புஷ்பவள்ளி மெஷினை நிறுத்தினார். கோபப்படவில்லை.

“மத்ததுக்கெல்லாம் என்னைக் கூப்பிட மாட்டாங்கம்மா. தாலி இல்லாதவ முன்னால வந்து நின்னா நல்லாருக்காதுல்ல? சேதி தெரிஞ்சா மனசு போகச் சொல்லும், போகவும் முடியாது. சாவு வீட்டுக்குத்தான் யாரும் கூப்பிட வேண்டியதில்ல. ஓரமா போய் உக்காந்தா ஏன் வந்தேன்னு கேக்க மாட்டாங்க. நம்ம சனத்தையெல்லாம் அங்கதான் பாத்துக்கறேன்.”

திலகாவுக்கு ரத்தம் கொதித்தது.

“எந்தக் காலத்துலக்கா இருக்கோம்? யாரு அப்படிப் பாக்குறது? பேரைச் சொல்லுங்க. வீட்டுக்கே போய் நாலு கேள்வி கேக்கறேன்.”

புஷ்பவள்ளி துணியில் ஒட்டியிருந்த நூலைப் பொறுமையாகப் பிய்த்தெடுத்துக்கொண்டிருந்தார்.

திலகா கைப்பேசியை எடுத்தாள். அங்கேயே நின்றபடி படிவத்தைத் திறந்து, மகேந்திரன் கேட்ட கட்டங்களை ஒன்றுவிடாமல் அழித்தாள். பெயரும் மின்னஞ்சலும் மட்டும் மிஞ்சின.

“தலைவர் கத்தட்டும், பாத்துக்கறேன். இனிமே எல்லாச் சேதியும் எல்லாருக்கும். மொதச் சேதி என் மக காதுகுத்து. நீங்க முன்வரிசையில உக்காரணும். மாட்டேன்னா நானே வந்து தூக்கிட்டுப் போவேன். இந்தாங்க, நீங்களே பாருங்க.”

கைப்பேசியைக் கையில் திணித்தாள். புஷ்பவள்ளியின் விரல் எங்கோ பட்டுப் பக்கம் மூடிக்கொண்டது. திரை முழுக்கத் திலகாவின் கல்யாணப் படம்.

புஷ்பவள்ளி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, கண் எடுக்காமல் பார்த்தார்.

“உங்கம்மாவே இங்க வந்து துணியைக் குடுத்துட்டுப் போனாங்க. கை பிடிக்குமோ என்னவோன்னு பயந்துக்கிட்டேதான் தச்சேன். ரவிக்கை உனக்கு நல்லா உக்காந்திருக்கு திலகா, இன்னைக்குத்தான் பாக்குறேன்.”