மாடியில் கணக்கு வகுப்பு

“கதவைச் சாத்துடா. முதல்ல இவ போனைப் பிடுங்கு.”

கண்ணாடி சொல்லி முடிப்பதற்குள் மீசை கதவைச் சாத்திவிட்டான். அந்த அறையில் யாரும் சொந்தப் பெயர் சொல்வதில்லை, எல்லாம் பட்டப்பெயர்தான். புதிதாக வந்த பெண் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டி நின்றாள்.

இஸ்திரிக் கடைக்கு மேலே இருந்த அறை அது. சூடான துணியின் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டே இருக்கும். கரும்பலகையில் ஒரு கணக்கு, மாதக்கணக்கில் யாரும் அழிக்காமல் கிடந்தது.

“எங்கிட்ட போனே இல்ல.”

“போன தடவை வந்தவளும் இதையேதான் சொன்னா,” என்றாள் கண்ணாடி.

அந்த அறையில் யாரும் கணக்குப் படிப்பதில்லை. பலகை, வெளியாட்கள் எட்டிப் பார்த்தால் காட்டுவதற்கு. எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளைகள் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே கூடுவார்கள். மருந்து, பள்ளிக்கூடம், சொந்தக்காரர்களின் வாய் என்று வெளியே பேச முடியாததைப் பேசிவிட்டுப் போவார்கள்.

கொஞ்ச நாள் முன்பு, ‘நானும் உங்களை மாதிரிதான்’ என்று ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அவள் தெரியாமல் எடுத்த கண்ணாடியின் படம் மறுநாள் கண்ணாடி படிக்கும் வகுப்பில் எல்லார் போனிலும் இருந்தது. கண்ணாடியின் பெஞ்சில் உட்கார ஆள் இல்லை. அப்புறம் பள்ளிக்கூடமே அவளை வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னது.

அதிலிருந்து ஒரு விதி. புதிதாக வருகிறவர்தான் நோயின் பெயரை முதலில் சொல்ல வேண்டும். அதுவரை இவர்கள் அந்தப் பெயரை உச்சரிக்க மாட்டார்கள்.

“வாயைத் திற. எதுக்கு வந்தே?”

“கணக்கு ட்யூஷனுக்கு.”

தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கண்ணாடி சிரிக்கவில்லை.

“ட்யூஷனாம்! ஊருக்கு நாங்க விடற கதையை எங்ககிட்டயே விடறியா?”

“அம்மாதான் சொன்னாங்க. இங்க இருக்கற அக்காகிட்ட பேசிட்டாங்களாம்.”

அக்கா, கூட்டத்தை நடத்துகிற ஆலோசகர். அன்று இன்னும் வந்து சேரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

“அவளும் அக்கா பேரைச் சொல்லித்தான் உள்ள வந்தா,” என்ற மீசை, ஜன்னல் பக்கம் போனான். “எதிர்ல ஒரு அம்மா நிக்கறாங்க. நம்ம ஜன்னலையே பாக்கறாங்க.”

“எங்கம்மாதான். விட்டுட்டுப் போயிடறேன்னு சொன்னாங்க. ஏன் நிக்கறாங்கன்னு தெரியல.”

“குடும்பத்தோட வேவு பாக்க வந்திருக்கீங்களா?”

அந்தப் பெண் பார்வையைத் திருப்பினாள். பலகையில் கண் நின்றது. “அடைப்புக்குறியை எடுத்ததும் மைனஸ் குறி மாறணும்,” என்றாள் முணுமுணுப்பாக. “ரெண்டாவது வரியில மாறல.”

“வாத்தியாரம்மா வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்கடா!” என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

கண்ணாடிக்குப் பொறுக்கவில்லை. பையைப் பிடுங்கித் தரையில் கவிழ்த்தாள். அட்டை போட்ட புது நோட்டு விழுந்தது. ஜியோமெட்ரி பாக்ஸ் விழுந்து வாயைப் பிளந்தது. காம்பஸுக்கும் பென்சிலுக்கும் நடுவில் காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்று.

பிரித்தாள். நீளமான வெள்ளை மாத்திரை. அந்த அறையில் எல்லோரும் தினமும் போடுகிற மாத்திரை.

“பாத்தியாடா! வேஷத்துக்கு மாத்திரை வரைக்கும் தேடிப் பிடிச்சிருக்கா. எங்கடி திருடினே?”

“திருடல.” அவள் குரல் உடைந்தது. “என்னோடதுதான். சத்து மாத்திரை. வீட்டுக்கு வர நேரமாயிட்டா போட்டுக்கோன்னு அம்மா வச்சு விட்டாங்க.”

“சத்து மாத்திரையா?”

“சின்ன வயசுலேர்ந்து ஏதோ ஒண்ணு குடுத்துட்டேதான் இருக்காங்க. எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. தொண்டையிலயே நிக்கும். போட்டுட்டுத் தூங்கினா கனவு கன்னாபின்னான்னு வரும். வேணாம்னு சொன்னா அம்மா அழுவாங்க. அதனால போட்டுக்குவேன்.”

சிரிப்பு நின்றது. அந்த மாத்திரை கொண்டுவரும் கனவுகள் அவர்களுக்கும் வரும்; அதைப் பற்றி அவர்கள் யாரும் இந்த அறைக்கு வெளியே பேசியதில்லை.

“ஏய், அது சத்து மாத்திரைன்னு உனக்கு யாரு...” என்று ஆரம்பித்தான் மீசை. கண்ணாடி அவன் காலை ஓங்கி மிதித்தாள்.

கண்ணாடி ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தாள். எதிர்ச் சாரியில் அந்த அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். கைக்குட்டையை வாயில் அழுத்தியபடி, இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு.

திரும்பி வந்தாள். மாத்திரையை அதே காகிதத்தில், அதே மடிப்பில் மடித்து பாக்ஸுக்குள் வைத்தாள். நோட்டைத் தூசி தட்டி அவளிடம் கொடுத்தாள். பிறகு பலகையின் இரண்டாவது வரியைக் கையாலேயே அழித்தாள்.

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். “அப்ப இங்க ட்யூஷன் நடக்கலையா? நான் போயிடவா?”

எல்லோரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

“புதுசா யார் வந்தாலும் இப்படித்தான் கலாய்ப்போம். கணக்கு ட்யூஷன்தான், உக்காரு.”