முதலில் எடுப்பவர்

“என்னங்க, ‘பிரின்ஸ்’ங்கிற வார்த்தை லத்தீன்லேர்ந்து வந்துச்சாம். பிரெஞ்சு கிளாஸ்ல சொன்னாங்க. எதையும் மொதல்ல எடுத்துக்கறவன்னு அர்த்தம். அவன்தான் ஊர ஆள்றவனாம்,” என்றாள் ஹேமலதா.

கலைவாணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். “அதுக்கென்ன இப்போ?”

“நம்ம வூட்லயும் ஒருத்தங்க ஆள்றாங்களே. என்னை சமையல்கட்டுக்குள்ளயே வுடறதில்ல. இப்பகூட உங்கம்மா கதவச் சாத்திக்கிட்டு சாப்புடறாங்க. முழுகாம இருக்கறவள ஒரு வாய் சாப்டுன்னு கூப்புடறாங்களா? அரியாங்குப்பத்துல தனியா வூடு பாருங்க.”

“பெரிய மார்க்கெட்ல நாள் பூரா கூவிக் காய் விக்கறாங்கடி. பசிக்காதா?”

“எனக்கு மட்டும் பசிக்காதா? இன்னிக்குக் கேட்டுட்டுத்தான் மறுவேல.”

ஹேமலதா கதவைத் தள்ளினாள். மாமியார் அமிர்தவல்லி சட்டென்று முந்தானையால் தட்டை மூடினாள்.

“என்னத்த அத்த ஒளிக்கிறீங்க?”

ஹேமலதா முந்தானையை விலக்கினாள். தட்டில் பழுப்பேறிய ரேஷன் அரிசிச் சோறு. அடுப்பில் இருந்த பானையில் வெள்ளை வெளேரென்று பொன்னிச் சோறு, கைபடாமல் இருந்தது.

“மூணு பேருக்கும் பொன்னி வாங்கக் கட்டுப்படி ஆவலடி. நான் இத துன்றத பாத்தா நீங்க ரெண்டு பேரும் அத துன்ன மாட்டீங்க. அதான் மொதல்லயே முடிச்சிடறது. கிட்ட வராத, இந்த வாடை உனக்குக் கொமட்டும்.”

ஹேமலதா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் தட்டிலிருந்த ரேஷன் சோற்றில் பாதியைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, அந்த இடத்தில் பொன்னிச் சோற்றை அள்ளி வைத்தாள்.

வாடை வயிற்றைப் புரட்டியது. காட்டிக்கொள்ளாமல் தட்டை நீட்டினாள்.

“ரசம் ஊத்துங்க அத்த.”