தீவில் மணவறை, கரையில் மாப்பிள்ளை

"நேரம் என்ன, தலைவர்?"

ஈர மணலில் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை தனேஸ்வரன் நான்காவது தடவையாகக் கேட்டான். தலைப்பாகையின் கீழே நெற்றி வியர்த்துக் கொட்டியது.

"பத்து இருவது தம்பி" என்றார் அந்தோனிப்பிள்ளை. அவருக்கு அதைவிட வியர்த்தது. நமுனுகுல தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் அவர். எதிரே நடக்கும் வேலைநிறுத்தத்தை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆரம்பித்து வைத்தவரும் அவர்தான்.

முகூர்த்தம் பதினொரு மணியோடு முடிகிறது. பெந்தோட்டைப் பக்கத்துக் கடற்கரை ஹோட்டல் அது. மணவறை போட்டிருந்ததோ கடல்நீர் தேங்கிய களப்புக்கு நடுவே ஒரு குட்டித் தீவில்.

மணமகள் கேசினியும் ஐயரும் மேளகாரரும் முதல் படகில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் படகு கிளம்பவில்லை. படகோட்டிகள் பதினாலு பேரும் சாவிகளை மடியில் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்றைக்கு விட்டால் நாளை ஆடி பிறக்கிறது. ஆடி முடிவதற்குள் பெண் வீட்டார் கனடாவுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு கல்யாணம் ஏது?

எல்லாம் ஒரு தேத்தண்ணியால் வந்தது.

தனேஸ்வரன் பதுளையில் தொழில் அலுவலகத்துக் கிளாக்கர். பத்து வருடமாகத் தலைவரின் பேச்சுவார்த்தைகளுக்குக் குறிப்பு எழுதி எழுதியே நண்பனானவன். தலைவர் மேசையில் உட்கார்ந்தால் மூன்று நாளைக்கு எழும்ப மாட்டார் என்பது பதுளை முழுக்கத் தெரிந்த சங்கதி.

"போற எடத்துல சங்கம், கிங்கம்னு வாயத் தொறந்தீங்க, நான் பொறந்த வீட்டுக்குப் போயிருவேன்" என்று தலைவரின் மனைவி லூர்தம்மா சத்தியம் வாங்கித்தான் வேனில் ஏற்றியிருந்தாள். தலைவரும் ஒழுங்காகவே இருந்தார். ஹோட்டல்காரர்கள் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டி கட்டிவிட்டார்கள். அதைக் காட்டினால் எதையும் தின்னலாம், எவ்வளவும் குடிக்கலாம். இடியப்பம், இறால், ஐஸ்கிரீம் மூன்றையும் ஒரே தட்டில் வைத்துத் தின்றுவிட்டு மகாசாந்தமாக ஏப்பம் விட்டார்.

அப்போதுதான் தனேஸ்வரன் வந்து காதருகே குனிந்தான்.

"தலைவர், படகுத்துறையில நிக்கிறதெல்லாம் உங்கட தோட்டத்துப் பெடியள். ஒருக்காப் போய்ச் சுகம் விசாரியுங்கோ."

போனார். விசாரித்தார்.

"விடிய அஞ்சு மணிக்கு ஒரு பிளேன்டீ குடுப்பாங்க தலைவரே. அதோட சரி. மத்தியானம் வரைக்கும் ஒன்னும் இல்ல" என்றான் படகோட்டி றிச்சர்ட்.

"என்னாது? மலையிலயே ஒம்பதரைக்குத் தேத்தண்ணி உண்டேடா! யாரு பறிச்ச கொழுந்துடா அது?"

சத்தியம் களப்பில் விழுந்து மூழ்கியது. கல்யாணக் கார்டின் பின்பக்கத்திலேயே பதினோரு கோரிக்கைகளை எழுதிவிட்டார்.

பெண்ணின் தகப்பன் சிதம்பரநாதன், மாப்பிள்ளையை அழைத்துப் போகக் கரையில் நின்றவர், சால்வையை வீசி எறிந்தார். "ஒருத்தரும் வேண்டாம். நானே வலிக்கிறன்!" என்று துடுப்புப் படகு ஒன்றைத் தண்ணீரில் தள்ளி ஏறினார்.

"கருங்காலி! கருங்காலி!" என்று பதினாலு பேரும் கத்தினார்கள். படகு மூன்று சுற்றுச் சுற்றி அவரைப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து தண்ணீரில் கவிழ்த்தது.

"என்ர மகளின்ர கலியாணத்தில நான் கருங்காலியோ?"

"சங்க விதிப்படி ஆமாங்க" என்றார் தலைவர், மெய்யான வருத்தத்தோடு.

தீவில் ஐயர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கேசினி காலை நீட்டி உட்கார்ந்து அன்னாசித் துண்டு தின்றுகொண்டிருந்தாள்.

லூர்தம்மா வந்து புருசனின் சட்டையைப் பிடித்தாள். "மனுசனா நீங்க? பந்தியில ஒக்காந்து தின்னுட்டு அந்தப் பந்தியிலயே போராட்டமா? அந்தத் தம்பி மூஞ்சியப் பாருங்க!"

பார்த்தார். தனேஸ்வரன் கண்களை இறுக மூடி, உதடுகள் அசைய, இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றான்.

தலைவரின் நெஞ்சு கரைந்துவிட்டது. றிச்சர்ட்டைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் ஸலீமின் அறைக்கு ஓடினார். இருபது வருடத்தில் முதல் தடவையாகக் கோரிக்கைகளைக் குறைத்துக்கொள்ளப் போகிறார்.

"சீருடை, லீவு, மழைக்கோட்டு எல்லாம் அடுத்த மாசம் பேசுவோம் சார். இப்ப ஒன்னே ஒன்னு. ஒம்பதரைக்குப் பால் தேத்தண்ணி. கூட மீன் வச்ச மாலு பணிஸ் ஒன்னு."

"பணிஸும் வேணுமா?"

"வெறுந்தண்ணி எப்படி சார் எறங்கும்?"

ஸலீம் ஜன்னல் வழியே பார்த்தார். வெள்ளைக்காரர்கள் வரிசையாக நின்று கருங்காலிக் கோஷத்தை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேனாவைத் திறந்து கார்டின் பின்னால் கையெழுத்துப் போட்டார்.

பத்து ஐம்பத்திரண்டு. தலைவர் கார்டைத் தூக்கிப் பிடித்தபடி மணலில் விழுந்து எழும்பி ஓடிவந்தார்.

"வெற்றி! தம்பி, வெற்றி! ஏறுங்க படகுல! மூணே நிமிசத்துல அந்தக் கரை!"

றிச்சர்ட் பாய்ந்து ஏறி என்ஜினை முடுக்கினான். தொப்பலாக நனைந்திருந்த சிதம்பரநாதன் தலைவரைக் கட்டிப்பிடித்தார். லூர்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

தனேஸ்வரன் மட்டும் அசையவில்லை. தலைவரின் கையைப் பற்றி ஒரு தென்னைக்குப் பின்னால் இழுத்துப் போனான்.

"காலைப் பிடிக்கிறன் தலைவர், பதினொரு மணி தாண்டுமட்டும் இன்னுமொரு கோரிக்கை வையுங்கோ!"