சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பாட்டு

தொலைக்காட்சியில் அந்தப் பாட்டு தொடங்கியதும் நாரேயின் கரண்டி சூப்புக்குள் அப்படியே நின்றது.

சியோலின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கொரு முறை மோதும் கால்பந்தாட்டம். பாடுவது அவள் படித்த பல்கலைக்கழகம். முதல் வரிசையில் நின்று, தொண்டை கட்டும்வரை அவளும் பாடிய பாட்டு.

ஆனால் இந்தக் கடற்பாசித் தொழிற்சாலையில் நாரே பள்ளிப்படிப்போடு நின்றவள். அப்படிச் சொல்லித்தான் சேர்ந்தாள். ஜெர்மன் இலக்கியத்தில் வாங்கிய முதுகலைப் பட்டத்துக்கு வெளியே எங்கும் வேலை இல்லை. இங்கேயோ பட்டம் இருந்தாலே வேலை இல்லை.

போன மாதம் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். மேலங்கியைக் கழற்றி வாங்கிக்கொண்டு அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

“காலேஜ் படிச்சவங்க நமக்கு வேணவே வேணாம்ப்பா. வேற நல்ல வேலை கெடைச்ச அன்னிக்கே டாட்டா காட்டிட்டுப் போயிடுவாங்க” என்று மேற்பார்வையாளர் பியோங்சிக் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

நாரேயை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று இன்று மாலை சொல்லப்போகிறவரும் அவர்தான். இப்போது சுவரோரமாகத் தட்டைக் கையில் ஏந்தி நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு உச்சத்துக்கு ஏறியது. இதோ, தோளை ஆட்டிக் கையை உயர்த்த வேண்டிய இடம்.

அவள் மறக்க நினைத்தாலும் உடம்பு மறக்கவில்லை. கால்விரல்களை ரப்பர் காலணிக்குள் இறுக மடக்கிக்கொண்டாள். வாயிலிருந்த முள்ளங்கித் துண்டைக்கூட மெல்லவில்லை. தாடை தாளத்துக்கு அசைந்துவிட்டால்?

கூடமே அதிரும்படி ஆரவாரம் கேட்டது. அவள் நிமிரவில்லை. சூப்பில் மிதந்த ஒரே ஒரு பயறு முளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டு ஓய்ந்தது.

ஓர் அசைவு இல்லை. ஜெயித்துவிட்டாள். முள்ளங்கியை விழுங்கி மூச்சு விட்டாள்.

தோளில் ஓர் இடி விழுந்தது. பக்கத்து இருக்கை மல்சுக் அக்கா. நெற்றியெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

“என்னடி, பொணம் மாதிரி ஒக்காந்திருக்க? பேஸ்பால் ஆட்டத்துல ஊரே பாடுற பாட்டுடீ இது! பால்வாடிப் புள்ளகூட ஆடும்!”

நாரே தலையை உயர்த்தினாள்.

மேசைக்கு மேசை பெண்கள் எழுந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். தட்டில் தாளம் போட்ட கரண்டிகள் இன்னும் அவர்கள் கையில் இருந்தன.

சுவரோரத்தில் பியோங்சிக் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். உட்கார்ந்திருந்த ஒரே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.