அப்பா வேஷம்

“மூணு வருஷம் கழிச்சு போன் வந்திருக்கு. ஹீரோவுக்கு அப்பா வேஷமாம். காமெடியே கிடையாது!”

காமெடி நடிகர் சொன்னதும் மனைவி அவசரமாகச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவர், ஊரையே சிரிக்க வைத்த தொங்கு மீசையை மழித்துவிட்டு, கண்ணாடி முன் முகத்தை உம்மென்று வைத்துப் பழகினார்.

ஷூட்டிங்கில் மேனேஜர் அவரைச் சுவரோரம் நிறுத்தி ஒரே ஒரு போட்டோ எடுத்தார்.

“அவ்வளவுதாண்ணே, கிளம்பலாம்.”

“வசனம்?”

“கதைப்படி அப்பா செத்துட்டார்ணே. சுவத்துல போட்டோ மட்டும்தான்.”

சரியென்று கிளம்பி நடந்தார். வாசலைத் தாண்டுவதற்குள் மேனேஜர் ஓடி வந்தார்.

“மன்னிச்சிருங்கண்ணே, டைரக்டர் வேற ஆளைப் பாக்கச் சொல்லிட்டார்.”

“ஏம்ப்பா, நான் சிரிக்கவே இல்லையே?”

“நீங்க சிரிக்கலண்ணே. உங்க போட்டோவைப் பாத்து அழ வேண்டிய ஹீரோ, சிரிப்பை அடக்க முடியாம உக்காந்திருக்கார்.”