நிற்காத ஜன்னல்

இரத்தினசிங்கத்தின் வீட்டுக்குள் நுழைந்த அருள்முருகன் முதலில் கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினான்.

திருட வந்த இடத்திலும் ஒப்புக்கொண்ட வேலையைச் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுக்கவில்லை, கடப்பாரை வைத்து இடித்தது.

அரபு நாட்டில், ருவைஸில் கம்பெனிக் குடியிருப்பு. எல்லா வீட்டுக்கும் ஒரே அச்சு, ஒரே பழைய ஜன்னல். கீழ்க்கண்ணாடியை மேலே தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும். அப்படி நிறுத்துவது பக்கச் சட்டத்தில் இருக்கும் ஒரு ஸ்பிரிங் குழாய்.

அருள்முருகன் வீட்டில், மகள் தன்ஷிகாவின் அறையில், அந்தக் குழாய் போய்விட்டது. தூக்கினால் தடாலென்று விழும். ஒரு வருஷமாக மூடியே வைத்திருந்தார்கள்.

இப்போது வேலை போய்விட்டது. நாளைக் காலை வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஹவுசிங்கிலிருந்து வருகிறவன் ஒவ்வொரு ஜன்னலாகத் தூக்கிப் பார்ப்பான். ஒன்று விழுந்தாலும் கிளியரன்ஸில் கையெழுத்துப் போடமாட்டான். கையெழுத்து இல்லாமல் விசா கேன்சல் ஆகாது, விசா கேன்சல் ஆகாமல் ஊருக்குப் போக முடியாது. பரமக்குடியில் தன்ஷிகாவுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிற பள்ளிக்கூடம் ஏற்கெனவே திறந்தாகிவிட்டது.

ஷார்ஜா தொழில்பேட்டையில் அவன் ஏறி இறங்காத கடை இல்லை. எல்லாரும் பக்கவாட்டில் ஓடும் ஜன்னலுக்குச் சக்கரம் எடுத்துக் காட்டினார்கள். கீழக்கரைக்காரர் மீராசா மட்டும் உடைந்த குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். அமெரிக்கச் சாமான், செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள், கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இது மாஃபி, எங்கேயும் கிடைக்காது என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

மிச்சம் இருந்தது பக்கத்து வீடு.

இரத்தினசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். லீவில் போகும்போது, "தம்பி, சாவியை வைச்சிருங்கோ. செடிக்குத் தண்ணி விட்டாக் காணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவன் மனைவி அருணா காய்ச்சலில் கிடந்த வாரம் முழுக்க அவர் மனைவி கோசலா ஆக்கி அனுப்பிய சோறுதான் இவர்கள் வீட்டில். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோம் என்று அருள்முருகனுக்கு நன்றாகவே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய?

உடைந்த குழாயைக் கையோடு கொண்டுவந்திருந்தான். நல்லதை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் இதை மாட்டிவிட்டால், இரத்தினசிங்கம் அண்ணை வந்து ஜன்னலைத் தூக்கும்போதுதான் தெரியும். அதற்குள் இவன் ஊரில் இருப்பான்.

கண்ணாடியை இறக்கிவைத்தான். திருகைக் கழற்றிக் குழாயை உருவினான்.

சுவரைப் பார்த்து இருந்த பக்கம் இப்போது அவனைப் பார்த்தது. அதில் ரோஸ் நெயில் பாலிஷில், ஆங்கிலத்தில், தன்ஷிகா என்று எழுதியிருந்தது. எஸ் மட்டும் இடம் வலமாகத் திரும்பி நின்றது. போன வருஷம் வரை அவள் எஸ் அப்படித்தான்.

போன கோடையில் இவர்கள் ஊருக்குப் போனபோது சாவி அண்ணை வீட்டில்தான் இருந்தது. வருஷாந்தர இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்ததும் அந்த மாதத்தில்தான். கையிலிருந்த உடைந்த குழாய் தன் சொந்த வீட்டுக்குத்தான் திரும்பி வந்திருக்கிறது.

படுபாவி என்று வாய்விட்டே திட்டினான். தானும் அதற்குத்தானே வந்திருக்கிறோம் என்பது பிறகுதான் உறைத்தது.

குழாயைப் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த லீவு முடிந்து வந்த மறுநாள் தன்ஷிகா ஜன்னலைத் தூக்கினாள், விழுந்தது. தான் ஒன்றும் செய்யவில்லை என்றாள். அருள்முருகன் பெல்ட்டைக் கழற்றினான். அடி தாங்காமல், "ஆமாப்பா, நான்தான் ஒடச்சேன்" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட்ட பிள்ளை என்று, அன்று சாயங்காலம் அவளைக் கடைக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான்.

அவளும் சாப்பிட்டாள்.