தள்ளிப்போன சீட்டு

பைபிளில் யோவான் கடைசி அதிகாரத்தில் சீட்டைக் காணோம்.

லிப்ட் மெக்கானிக் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான். ஊஹூம். நேற்று சாயங்காலம்கூட இங்கேதான் இருந்தது, கண்ணால் பார்த்தான்.

"என்னப்பா தேடுறீங்க?" என்றாள் பத்து வயது மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"ஒண்ணுமில்ல, நீ வாசி."

வாசித்தாள். வலையில் நூற்றைம்பத்து மூன்று மீன் என்று வந்ததும் நிறுத்தி, அதை யார் உட்கார்ந்து எண்ணினார்கள் என்று கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் அவன் மண்டையை வேறொரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது.

மனைவியும் அவனும் பிரிந்து ஒரு வருஷம் ஆகிறது. அவன் ஜாகை இரண்டு தெரு தள்ளி, ஒற்றை அறையில். பிள்ளைக்குத் தினமும் பைபிள் வாசிக்கும் பழக்கம் வரும்வரை சாயங்காலம் அரைமணி நேரம் வந்து பக்கத்தில் உட்காரலாம், அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்.

நாளுக்கு ஓர் அதிகாரம், மத்தேயுவிலிருந்து. மாற்கு முடிவதற்குள் பழகிவிடுவாள் என்று இவனும் வீம்பாகச் சொல்லி, மாற்கின் கடைசிப் பக்கத்தில் 'சைக்கிள்' என்று எழுதிய சீட்டை மனைவி கண்ணெதிரிலேயே வைத்தான். வாசித்துக்கொண்டே போய் மகள் சீட்டைத் தொட்டால் அவளுக்கு சைக்கிள். அன்றோடு இவனுடைய சாயங்காலங்களுக்கு முழுக்கு.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். மாற்கு முடிகிற அன்று பயந்துகொண்டேதான் வந்தான். பார்த்தால் சீட்டு அடுத்த புத்தகமான லூக்காவின் கடைசியில் இருக்கிறது! லூக்கா முடிந்தபோது யோவானுக்குப் போயிருந்தது. சத்தியமாக இவன் கை வைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் பழக்கம் எப்போதோ வந்துவிட்டது. இவன் வர ஐந்து நிமிஷம் தாமதமானால் பிள்ளை தானாகவே விரித்துவைத்து ஆரம்பித்துவிடுகிறது. அதை வெளியே சொல்ல இவனுக்கென்ன கிறுக்கா?

மகள் கண்ணை மூடி ஜெபித்த நேரத்தில் திருட்டுத்தனமாகப் புரட்டினான். சீட்டு அடுத்த புத்தகமான அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசியில் இருந்தது. இருபத்தெட்டு அதிகாரம், இன்னும் இருபத்தெட்டு நாள். அப்பாடா!

அப்பா வந்துபோக வேண்டும் என்று சைக்கிளையே தள்ளிவைக்கிறாளே என் தங்கம் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றைக்குக் கேட்டே விடுவது என்று அவள் காதோரம் குனிந்தான்.

"வாலு, நீதானே சீட்டைத் தள்ளித் தள்ளி வைக்கிற?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"நானா? எனக்கு சைக்கிள் வேணும்ப்பா! வாங்கித் தர மனசில்லாம நீங்கதான் தள்ளி வைக்கிறீங்கன்னு நெனச்சேன்!"

மகளும் இல்லை, அவனும் இல்லை என்றால்?

அடுத்த அறையில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

"சைக்கிளுக்கு இப்ப என்ன அவசரம்?" என்றாள் மனைவி, உள்ளே இருந்தபடியே.